எழுபத்திரண்டாவது வரி

அந்த வீட்டில் காலை ஆறு மணியிலிருந்து ஆறு முப்பத்தாறு வரைக்கும் யாரும் பேசக் கூடாது. அப்பா துதி சொல்லும் நேரம் அது. அம்மன் மேல் நூற்றெட்டு வரி. அட்டை கழன்று, தையல் பிரிந்து, எண்ணெய்க் கறையில் பாதி எழுத்து காணாமல் போன ஒரு சின்னப் புத்தகத்தில் இருந்தது. அப்பா அந்தப் புத்தகத்தைத் திறந்து முப்பது வருஷமாகிறது. நிமிஷத்துக்கு மூன்று வரி, கூடாது, குறையாது. நடுவில் நிறுத்தினால் அதுவரை சொன்னதெல்லாம் வீண், மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது யார் போட்ட சட்டம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. போட்டவர் யாரென்று தெரியாததால் அவரிடம் போய் மாற்றச் சொல்லவும் வழியில்லை.

வாய்தான் மூடியிருக்க வேண்டும், அதுவும் மற்றவர்களுக்கு. அப்பாவுக்குக் கை இருந்தது. விரலைச் சுண்டினால் கதவைச் சாத்து என்று அர்த்தம். புருவத்தைத் தூக்கி அடுக்களைப் பக்கம் காட்டினால் பால் பொங்குகிறது. உள்ளங்கையை விரித்து நீட்டினால், இரு, முடித்துவிட்டு வருகிறேன். பால்காரர், பேப்பர் போடுகிறவர், தண்ணீர் வரவில்லை என்று கேட்க வந்த மேல்வீட்டுக்காரர், எல்லோரும் அந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள்.

அம்மா ஒரு நாளும் துதி சொன்னதில்லை. பக்தி இல்லாமல் இல்லை, நேரமில்லை. அவர் உட்கார்ந்து சொல்லும் அந்த முப்பத்தாறு நிமிஷமும் அவள் நின்றுகொண்டே வேலை செய்தாள், அதுவும் சத்தம் வராமல். மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் கத்தக் கூடாது, கரண்டி கை தவறி விழக் கூடாது. துதியின் வரிகள்தான் அவளுக்குக் கடிகாரம். இருபதாவது வரியில் அரிசியைக் களைவாள். ஐம்பதில் காய் நறுக்கி முடிந்திருக்கும். தொண்ணூறில் குக்கரை அடுப்பில் ஏற்றினால், அப்பா நூற்றெட்டை முடித்துக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டு எழும்போது முதல் விசில் வரும். முப்பத்திநாலு வருஷத்தில் அந்த விசில் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

மகளுக்கு அம்மா வைத்த செல்லப் பெயர் கடுகு. எண்ணெய் காயும் முன்னாலேயே வெடிக்கிறவள் என்பாள். பள்ளிக்கூடத்தில் இருந்த நல்ல பெயர் சான்றிதழில் தூங்குகிறது. வீட்டிலும் வெளியிலும் அவள் கடுகுதான். முப்பத்து மூன்று வயதில் மூக்கின் மேல் கோபம் வைத்திருப்பவளுக்கு வேலை கிடைத்த இடம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. காதில் ஹெட்செட், எதிரே இரண்டு திரை, நாள் முழுக்க அலறும் மனிதர்கள். அங்கே மட்டும் அவள் குரல் ஏறாது. எங்கே இருக்கீங்க, மூச்சு இருக்கா, எப்ப ஆரம்பிச்சுது என்று கேட்பாள். மயங்கி விழுந்தவர், வாய் கோணியவர் என்றால் இன்னும் மூன்று கேள்வி உண்டு: முகம் ஒரு பக்கம் இழுக்குதா, ரெண்டு கையையும் தூக்க முடியுதா, பேச்சு குழறுதா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பாள். பதிலைத் தட்டும்போதே வண்டி கிளம்பியிருக்கும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று கடுகு அந்த நாற்காலியில்தான் இருந்தாள். இரவு ஷிஃப்ட் முடிய இருபது நிமிஷம் இருந்தது. அழைப்பு அவளுக்கு வரவில்லை, பக்கத்து நாற்காலிக்காரிக்கு வந்தது. அவள் விலாசத்தை வாய்விட்டுச் சொல்லித் தட்டும் பழக்கமுள்ளவள். கதவு எண்ணைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள். கடுகு ஹெட்செட்டைக் கழற்றினாள். திரையில் நேரம் ஆறு நாற்பத்தொன்று என்று இருந்தது. ஆரம்பித்தது எப்போது என்ற கேள்விக்கு, இப்பதான், ஆறு நாற்பதுக்கு என்று அப்பா சொன்னதாகப் பதிவாகியிருந்தது.

உயிர் பிழைத்தது. வலது கையும் வலது காலும் பாதிதான் திரும்பின. பேச்சு திரும்பவே இல்லை. எல்லாம் புரிந்தது அம்மாவுக்கு. சொல்ல வந்தால் "அது... அது..." என்று மட்டும் வரும். தண்ணீரும் அதுதான், ஜன்னலும் அதுதான், மகளும் அதுதான். ஊரெல்லாம் தன்னைக் கடுகு என்று கூப்பிடும்போது, அந்தப் பெயரை வைத்தவள் தன்னை "அது" என்கிறாளே என்று நினைக்கும்போதெல்லாம் கடுகுக்கு வயிறு எரியும். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

உண்மை வெளியே வந்தது சண்டையில் இல்லை, பெருமையில். பார்க்க வந்த அத்தை, அப்பாவின் அக்கா, கட்டிலருகே உட்கார்ந்து, "உங்கப்பன் சொல்ற துதிதான்டி உங்கம்மாவைக் காப்பாத்துச்சு" என்றாள். அப்பா அடக்கமாகத் தலையாட்டிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். எழுபத்திரண்டாவது வரியில் இருந்தாராம். அவள் வந்து வாசற்படியில் நின்றாளாம். ஏதோ குழறினாளாம். அவர் கையைக் காட்டினாராம். அவளும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாளாம். "மிச்ச வரி அத்தனையும் அவளை நெனச்சேதான் சொன்னேன்" என்று முடித்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடுகு மருந்துப் பெட்டியோடு கதவருகே நின்றிருந்தாள். அவள் மூளை கேட்காமலேயே கணக்குப் போட்டது. எழுபத்திரண்டு வரி என்றால் இருபத்திநாலு நிமிஷம். அம்மா வந்தது ஆறு இருபத்திநாலுக்கு. மிச்சம் முப்பத்தாறு வரி, பன்னிரண்டு நிமிஷம். கற்பூரம், கும்பிடு, விழுந்து எழுவது, அதற்கு நாலு. ஆக மொத்தம் பதினாறு. பதினாறு நிமிஷம் அம்மா அந்த முக்காலியில் உட்கார்ந்து, மூளைக்கு ரத்தம் போகாமல், துதி முடியக் காத்திருந்திருக்கிறாள். முப்பத்திநாலு வருஷமாகப் பழகிய கை அது. அந்தக் கையை மீறிப் பேச அவளுக்குத் தெரியாது.

பதினாறு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பேச்சு பிழைத்திருக்குமா என்று மறுநாளே மருத்துவரிடம் போய்க் கேட்டாள். அவ்வளவு துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது, பிழைத்தும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் அவர். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 'இருக்கலாம்' கடுகின் மனசில் முள்ளாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் வெடித்தாள். அப்பாவை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பதினாறு நிமிஷத்தையும் அவர் முகத்தின் முன் விரல் விட்டு எண்ணினாள். அப்பா "நான் என்ன வேணும்னா பண்ணேன்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். இனிமேல் இந்த வீட்டுக்குள் அந்தத் துதி கேட்கக் கூடாது என்று கடுகு தீர்ப்புச் சொன்னாள். அவர் எதிர்த்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் காலை துதிக்கு உட்காரும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நிறுத்த அவருக்கு மனசில்லை, இடம்தான் மாறியது. அது அவளுக்கு இன்னும் எரிந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை. காற்று மாடியிலிருந்து கீழே அடித்தது. கடுகு அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பாவின் குரல் லேசாக இறங்கி வந்தது. ஜன்னலைச் சாத்த எழுந்தவள் அப்படியே நின்றாள். அம்மா பேசிக்கொண்டிருந்தாள். "அது" இல்லை. முழுசாக, தெளிவாக, ராகத்தோடு, மாடிக் குரலுக்கு அரை அடி பின்னால், துதியை வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடுகுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அம்மாவிடம் எத்தனை வார்த்தை இருந்தது. வசவு இருந்தது, கேலி இருந்தது, மேல்வீட்டுக்காரியைப் பற்றி மெதுவாகச் சொல்லிச் சிரிக்க ஆயிரம் இருந்தது. அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டு மிச்சம் வைத்தது இதைத்தானா? யார் குரலுக்காக வாய் மூடி உட்கார்ந்தாளோ அந்தக் குரலின் வார்த்தையா? சீப்பைச் சுவரில் விட்டெறிந்தாள். அம்மா திடுக்கிட்டு நிறுத்தினாள். கடுகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சீப்பைத் தேடினாள், இரண்டு பல் உடைந்திருந்தது.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவார். பை நிறையப் படம் போட்ட அட்டைகள். அதனால் வீட்டில் அவர் பெயர் அட்டைக்காரம்மா. மாடு, மேஜை, குடை என்று இரண்டு மாதமாகக் காட்டியும் அம்மா எல்லாவற்றுக்கும் "அது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடுகு துதி விஷயத்தைக் குற்றச்சாட்டு மாதிரிச் சொன்னாள். அட்டைக்காரம்மா அட்டைகளைக் கட்டிப் பைக்குள் வைத்துவிட்டார். மனப்பாடமாகப் பதிந்தது மூளையில் வேறு இடத்தில் இருக்கும், அந்த வழியாக உள்ளே போகலாம் என்று விளக்கினார். அதே ராகம், அதே வேகம். வரியைச் சொல்லிக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். அதை அம்மா சொல்ல வேண்டும். பிறகு இரண்டு சொல், பிறகு மூன்று. பழகியதும் அதே ராகத்தில் தண்ணீர் வேணும், ஜன்னலைத் திற என்று மெல்ல ஏற்றலாம். "ஆனா தெனமும் ஒருத்தர் கூட உக்காரணும். யாரு உக்காருவீங்க?" என்று கேட்டார்.

நான் என்றாள் கடுகு. அவளுக்கும் துதி தெரியும், அந்த வீட்டில் சுவருக்கே தெரியும். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். அம்மா ஆசையோடு வாயைப் பார்த்தாள், ஒரு சொல் வரவில்லை. கடுகின் வேகம் வேறு, குரல் வேறு. கோபத்தில் சொன்ன துதி அம்மாவுக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த மூன்று நாளில்தான் எழுபத்திரண்டாவது வரி எது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். *கூப்பிடும் குரலுக்கு அக்கணம் வருபவள்.* இதைச் சொல்லிக்கொண்டேதான் கையைக் காட்டியிருக்கிறார். கடுகு எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில் கெட்ட வார்த்தை சொன்னாள்.

நாலாம் நாள் மாடி ஏறினாள். யாரைத் துரத்தினாளோ அவரிடமே போய் நிற்க வேண்டியிருந்தது. அப்பா தண்ணீர்த் தொட்டியருகே பலகையில் உட்கார்ந்து எண்பதாவது வரியில் இருந்தார். அவளைப் பார்த்ததும், பழக்கம் போகுமா, உள்ளங்கையை விரித்து நீட்டினார். நீட்டியபின் தான் செய்தது அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. கடுகு எதிரே தரையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நிமிஷம். உடம்பில் ஒரு குறையும் இல்லாதவளுக்கே அது அவ்வளவு நீளமாக இருந்தது. அம்மாவுக்கு இன்னும் ஏழு நிமிஷம் கூட.

முடிந்ததும் விஷயத்தைச் சொன்னாள். கெஞ்சலாக வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையையும் கட்டுப்பாட்டு அறைக் குரலில் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியிலும் நிறுத்த வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றதும் தலையை ஆட்டினார். மற்றது எதுவானாலும் செய்கிறேன், அது முடியாது என்றார்.

"அம்மா பேசறதைவிட உங்களுக்கு இது பெருசா?" என்றாள் கடுகு.

அப்பா தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "பெருசு சிறுசு இல்லம்மா" என்றார். "இப்ப நிறுத்தலாம்னா, அன்னிக்கும் நிறுத்தியிருக்கலாம்னு ஆயிடும்."

கடுகு பதினாறு நிமிஷக் கணக்கைத் தான் மட்டும்தான் போட்டோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இந்த மனுஷனும் தினமும் மாடியில் உட்கார்ந்து அதையேதான் போட்டிருக்கிறார். அதற்காகக் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் இப்போது அதற்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

"ஆகட்டும்" என்றாள். "அதோடதான் கீழ வரணும்."

அப்பா மறுநாள் வந்தார். முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. முப்பத்திநாலு வருஷமாக பிரேக் பிடிக்காத வண்டி, நிறுத்து என்றால் நிற்குமா? அட்டைக்காரம்மா பென்சிலால் மேஜையைத் தட்டுவார், இவர் அதைத் தாண்டி இரண்டு வரி ஓடியிருப்பார். வேர்த்துக் கொட்டும். ஒருமுறை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சார், தப்புக்குப் போட்டுக்கறீங்களா, நிறுத்தினதுக்கா என்று அட்டைக்காரம்மா கேட்க, அம்மா ஒரு பக்க வாயால் சிரித்தாள். அடுத்த வாரம் நிற்கப் பழகினார். அவர் விட்ட இடத்தில் அம்மா சொல்லை வைத்தாள். ஒரு சொல், பிறகு இரண்டு. ஐந்தாவது வாரம் துதியின் ராகத்திலேயே தண்ணீர் கேட்டாள். அடுத்து ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, அம்மனை அழைக்கிற ராகத்தில் "கடுகு" என்றாள். கடுகு குளியலறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஒரு வரி மட்டும் நகரவில்லை. எழுபத்திரண்டு. அப்பா நிறுத்துவார், அம்மா வாயை இறுக மூடிக்கொள்வாள். கடினமான சொல் போலிருக்கிறது என்று அட்டைக்காரம்மா குறித்துக்கொண்டார். அப்பா ஒவ்வொரு நாளும் அந்தக் கடைசிச் சொல்லை அவசரமாகத் தானே போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குத் தாண்டுவார்.

பயிற்சி தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அட்டைக்காரம்மா வராத நாள். அப்பா பலகையில், அம்மா நாற்காலியில், கடுகு கதவோரம். எழுபத்தொன்று முடிந்தது.

"கூப்பிடும் குரலுக்கு அக்கணம்..." என்று அப்பா நிறுத்தினார். வழக்கம் போல் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தானே சொல்ல வாயைத் திறந்தார்.

அம்மா இடது கையைத் தூக்கினாள். உள்ளங்கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அப்பா வாயை மூடினார். அம்மாவின் உதடு கோணியது, நேரானது, மறுபடி கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் வந்த சொல்லில் ராகமே இல்லை.

"சொன்னேன்."

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான்... சொன்னேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மடியில் அவர் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"சொன்ன" என்றார். "வலது கை வரலைங்கன்னு சொன்ன. தெளிவாத்தான் சொன்ன. எனக்குக் கேட்டுச்சு."

குழறினாள் என்றுதானே வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார், மருத்துவருக்குச் சொன்னார், அத்தைக்குச் சொன்னார். ரெண்டு கையையும் தூக்க முடியுதா என்று கடுகு ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்கிறாள். யாரும் கேட்காமலேயே அம்மா அதற்குப் பதில் சொல்லியிருக்கிறாள். பதிலைக் கேட்டுக்கொண்டே மனுஷன் மிச்சம் முப்பத்தாறு வரியைச் சொல்லி முடித்திருக்கிறார். கடுகு எழுந்துவிட்டாள். வாய் நிறைய வார்த்தை இருந்தது. மூன்று மாதமாகக் கூர் தீட்டி வைத்தது அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். நீட்டிய கை கொஞ்சம் நகர்ந்து மகள் பக்கமும் வந்தது. இரு. இது உன் சண்டை இல்லை.

கடுகு உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் விழுங்கியதில்லை. வாசலில் பால்காரர் மணியை அடித்துப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் எழுந்து போய் அணைக்கவில்லை.

"மிச்சத்தை முடிச்சிடட்டுமா?" என்று அப்பா கேட்டார். அதட்டல் இல்லை, ராகம் இல்லை. அனுமதி கேட்கிற குரல் அவரிடம் இருக்கிறது என்பதே கடுகுக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மாவுக்குக் கை வலித்திருக்க வேண்டும். ஆனாலும் அவள் அதை இறக்கவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டாவது வரியின் கடைசிச் சொல் அன்று யார் வாயிலிருந்தும் வரவில்லை.